ஆசிரியர் தினத்தின் ஆசிரியர்கள்: திருத்தணியிலிருந்து வேலூர் வரை ஒரு பயணம்

டிசம்பர் 31 இரவு திருத்தணி தூங்குவதில்லை. மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை 365 படிகள். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி மேலே போகிறார்கள் பஜனைக் குழுவினர். நள்ளிரவில் மேலே நிற்பவர்களுக்குக் கீழே பார்த்தால் மலையே ஒரு தீபவரிசையாகத் தெரியும்.

ஆங்கிலப் புத்தாண்டுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், ஜனவரி முதல் தேதி விடிந்தால் நம் ஆட்கள் கையில் எலுமிச்சம்பழமும் மாலையுமாக அவரவர் ஆபீஸ் துரை வீட்டு வாசலில் போய் நிற்பார்களாம். அதைப் பார்த்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், ‘துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகைமலையில் இருக்கிறான், முதலில் அவனைப் போய்ப் பாருங்கள்’ என்று ஆரம்பித்து வைத்ததுதான் இந்தத் திருப்படி விழா.

துரையோடு சண்டை போடாமல், துரையைத் திட்டாமல், பதில் மட்டும் சொன்ன ஊர் இது. இதே ஊரில் பிறந்த ஒரு பையனும் பிற்பாடு அப்படித்தான் ஒரு பதில் சொன்னான். அவன் பிறந்தநாளைத்தான் 1962 முதல் நாடு முழுக்க ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தது 1888 செப்டம்பர் 5. தெலுங்கு பேசும் எளிய குடும்பம். அப்பா வீராசாமி ஜமீனில் சிறிய வருவாய்த்துறை உத்தியோகம் பார்த்தவர். அவர்கள் வாழ்ந்த வீடு இப்போது நூலகம். கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் குளித்து, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வருகிறவர்களாவது கால்மணி நேரம் ஒதுக்கலாம்.

ஆசிரியர் தினத்துக்குக் காரணமானவருக்கு யார் ஆசிரியர்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் திருத்தணியிலிருந்து ஒரு வழி கிளம்புகிறது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, 1896-ல் திருப்பதிக்குப் போய், ஜெர்மன் லுத்தரன் மிஷன் பள்ளியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, 1900-ல் வேலூர் அமெரிக்கன் மிஷன் கல்லூரிக்குத் திரும்புகிறது. 1904-ல் சென்னைக்குப் போய் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய கிறிஸ்தவக் கல்லூரியில் முடிகிறது. எட்டு வயதிலிருந்து இருபது வயது வரை, அந்தப் பையனுக்குப் பாடம் நடத்தியதெல்லாம் மிஷன் பள்ளிகள்தான். இதில் வேலூர்ப் பகுதியின் கதை கொஞ்சம் விசேஷமானது. அது ஆரம்பிப்பது அமெரிக்காவில்.

மலையிலிருந்து பாலாற்றுக்கு

திருத்தணியிலிருந்து வேலூருக்கு ரயிலில் போவதானால் அரக்கோணத்தில் இறங்கி மாறி, காட்பாடி போக வேண்டும். சாலை வழியே போனால் வழியில் பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் சோளிங்கர் நரசிம்மர் மலை. முன்பு ஆயிரத்துக்கும் மேல் படி ஏறி மூச்சுவாங்கிய இடத்துக்கு இப்போது ரோப் கார் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில்தான் வள்ளிமலையும் இருக்கிறது. தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் அங்கே கண்டு, திருத்தணிக்கு அழைத்துவந்து மணம் முடித்தான் என்பது புராணம். வள்ளி வந்த திசைக்கு எதிர்த்திசையில் படிக்கப் போனான் நம் பையன்.

இந்த வட்டாரம் முழுக்க அன்று வட ஆற்காடு ஜில்லா. திருத்தணியும் அதில்தான் இருந்தது. பிறகு 1911-ல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது அதோடு போனது. 1953-ல் ஆந்திர மாநிலம் உருவானபோது அந்த மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. ராதாகிருஷ்ணன் துணை ஜனாதிபதியாக இருந்த பத்து வருஷத்துக்குள் அவர் பிறந்த ஊர் இரண்டு முறை மாநிலம் மாறியிருக்கிறது!

ராணிப்பேட்டையைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் மறுகரையில் ஆற்காடு. நவாபுகளின் தலைநகரம், 1751-ல் கிளைவ் முற்றுகையைச் சமாளித்த கோட்டை என்றெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் படித்த ஊர். இன்று கோட்டையில் மிச்சமிருப்பது டெல்லி கேட் என்கிற வாசல். மக்கன் பேடா கடைகள்தான் இப்போது ஊரின் அடையாளம். இரண்டு பேடாவை வாங்கிக்கொண்டு, 170 வருஷம் பின்னால் போகலாம்.

பண்டத்தரிப்பில் பிறந்த அமெரிக்கர்

1819-ல் ஜான் ஸ்கடர் என்ற நியூயார்க் டாக்டர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, மனைவியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரு சின்னத் துண்டுப் புத்தகம்தான் அவர் மனத்தை மாற்றியதாம். அதே கப்பலில் வந்த இன்னொருவர் மைரன் வின்ஸ்லோ. 1862-ல் வெளிவந்த அந்தப் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர் அவர்தான். ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமனை நடத்தினார். 1836-ல் இருவரும் சென்னைக்கு மாறினார்கள்.

ஸ்கடரின் ஏழு மகன்களும் பிற்காலத்தில் தென்னிந்தியாவில் மிஷனரிகள் ஆனார்கள். அவர்களில் மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர். 1822-ல் பண்டத்தரிப்பில் பிறந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு தமிழ் கேட்டு வளர்ந்தவரைப் பத்து வயதளவில் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் கட்டுக்கடங்காத பையனாகத் திரிந்தார் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. அப்பாவையும் அம்மாவையும் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வளர்கிற பிள்ளை வேறு எப்படி இருக்கும்! பிறகு மனம் மாறி, இறையியல் படித்து, 1844-ல் 22 வயதில் மிஷனரியாகத் திரும்பி வந்தார். சென்னையில் மருத்துவமும் படித்தார்.

1850-களின் தொடக்கத்தில் ஹென்றி ஆற்காட்டுக்கு வந்து ஒரு மருந்தகம் திறந்தார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1853-ல் தம்பிகள் வில்லியம், ஜோசப் இருவரையும் சேர்த்துக்கொண்டு அமைத்ததுதான் அமெரிக்கன் ஆற்காடு மிஷன். ஒரு வேடிக்கை, அந்த மிஷனின் ஆரம்ப உறுப்பினர்கள் எல்லாருமே ஸ்கடர்கள்! கூட்டம் போட்டால் அண்ணன் தம்பிகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அண்ணன் தம்பிகள் ஒரு கறாரான முடிவெடுத்தார்கள். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை. தங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. சித்தூரில் பெண்களுக்காக ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுப்பது தங்கள் வேலையல்ல. தெருவில், சந்தையில், தமிழிலும் தெலுங்கிலும் ஜனங்களோடு பேசுவதே வேலை என்றார்கள். ஆங்கிலம் படித்தவன் குமாஸ்தா வேலைக்குத்தான் போகிறான், கோயிலை விட்டுச் சர்ச்சுக்கு வருவதில்லை என்பது அன்று மிஷன் வட்டாரத்தில் பலருக்கு இருந்த ஆதங்கம். 1855-ல் பாஸ்டன் தலைமையகத்திலிருந்து வந்து பார்வையிட்ட ரூஃபஸ் ஆண்டர்சனும் இதே எண்ணம் உள்ளவர்தான். அவர் வந்துபோன அந்த வருஷத்திலேயே யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியை மூடினார்கள். அங்கே படித்த சி.வை.தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும்தான் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். ஆனால் அதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் இல்லை.

இதனால் ஹென்றியைப் படிப்பின் விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். சமஸ்கிருதம் கற்றவர், தமிழில் தடங்கலில்லாமல் பேசியவர், எழுதியவர். சந்தைகளில் பிரசங்கம் செய்யும் உபதேசிகளுக்காகத் தமிழில் ஒரு கைநூல் எழுதினார். ஆங்கிலத்தில் அதை ‘பஜார் புக்’ என்பார்கள். விக்கிரக வழிபாடு தவறு என்று வாதிக்க, அவர் தமிழ்ச் செய்யுள்களையே எடுத்துப் பயன்படுத்தினார். இந்த ஊர்க்காரர்களை இந்த ஊர்ப் பாட்டாலேயே மடக்குவது அவர் உத்தி. அந்த அளவுக்குத் தமிழ் படித்தவர், அந்தப் பாட்டுகளை அதற்கு மட்டும் பயன்படுத்தினாரே என்கிற வருத்தம் இன்று படிக்கிறவர்களுக்கு வரத்தான் செய்யும்.

உடல்நிலை கெட்டு 1864-ல் அவர் அமெரிக்கா திரும்பினார். சான்பிரான்சிஸ்கோ, புரூக்ளின், சிகாகோ என்று பெரிய சபைகளில் போதகராக இருந்தார். அறுபத்தைந்து வயதில் ஜப்பானுக்கு மிஷனரியாகக் கிளம்பினார் என்றால், அந்த மனிதரின் கால் ஓரிடத்தில் நின்றதில்லை என்று புரிகிறது. 1895-ல் காலமானார். ஆற்காட்டுக்குத் திரும்பி வரவே இல்லை.

ஊரிசு என்ற பெயர்

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பகுதியில் ஆட்டோக்காரரிடம் ‘வூர்ஹீஸ் காலேஜ்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஊரிசு காலேஜா?’ என்று திருத்துவார். பெயர்ப்பலகையிலும் தமிழில் ஊரிசு கல்லூரிதான். நியூஜெர்சிக்காரரின் குடும்பப் பெயர், வேலூர் நாக்கில் புரண்டு அசல் தமிழ்ப் பெயர் போலவே ஆகிவிட்டது.

ஹென்றி வேண்டாம் என்ற காரியத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். காலம் மாறியிருந்தது. உத்தியோகத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் ஆங்கிலம் வேண்டும் என்று வட ஆற்காட்டுக் குடும்பங்கள் துடித்தன. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்கிற ஊரில் சந்தைப் பிரசங்கம் மட்டும் எத்தனை நாள் எடுபடும்? வேலூரில் மிஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளி 1898-ல் கல்லூரியானது. மதனப்பள்ளியில் பல்லாண்டு மருத்துவ மிஷனரியாக இருந்த ஜேக்கப் சேம்பர்லேனின் மகன் வில்லியம் சேம்பர்லேன் இங்கே முதல்வராக இருந்து கல்லூரியை வளர்த்தார். இந்தியக் கல்வி முறையைப் பற்றி 1899-ல் நியூயார்க்கில் ஒரு புத்தகமே வெளியிட்டவர் அவர். கட்டடத்துக்கும் நிதிக்கும் கைகொடுத்தவர்கள் ரால்ஃப் வூர்ஹீஸ், அவர் மனைவி எலிசபெத். ரால்ஃப் பார்வையை இழந்தவர். தென் கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்காக எலிசபெத் ஈவ்லின் ரைட் என்ற பெண்மணி ஆரம்பித்த பள்ளிக்கும் இதே தம்பதி உதவினார்கள். அதுவும் இன்று வூர்ஹீஸ் என்ற பெயரிலேயே இயங்குகிறது. கண் தெரியாத ஒருவர் கொடுத்த பணத்தில், அவர் பார்த்தே இராத இரண்டு ஊர்களில் அவர் பெயர் நிற்கிறது.

1900-ல் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான் பன்னிரண்டு வயது ராதாகிருஷ்ணன். அதே வருஷம், ஹென்றியின் தம்பி ஜானின் மகள் ஐடா ஸ்கடர் டாக்டர் பட்டத்தோடு வேலூருக்கு வந்தார். ஒரே ஒரு படுக்கையோடு அவர் ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. ஒரே வருஷத்தில், ஒரே ஊரில், இரண்டு பேர். ஒருவருக்கு எதிர்காலம் தெரிந்திருந்தது. இன்னொருவனுக்குத் தெரியாது.

கல்லூரியிலிருந்து அதிக தூரமில்லை வேலூர்க் கோட்டை. அகழிக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், அந்த யாளி மண்டபத்தைப் பார்க்கவே வேலூருக்கு வரலாம். ஆனால் பையன் படித்த நாளில் அங்கே பூஜை இல்லை, கருவறையில் லிங்கம் இல்லை. பட்டாளத்தின் காலத்தில் வழிபாடு நின்றுபோன கோயிலுக்கு 1981-ல்தான் சுவாமி திரும்பி வந்தார். வீட்டில் தினமும் பூஜை பார்த்து வளர்ந்த பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்து தன் மதம் மூடநம்பிக்கை என்று கேட்கிறான். வெளியே வந்தால் ஊரின் பெரிய கோயில் வெறும் கல்லாக நிற்கிறது. அந்த வயதில் அது எப்படி இருந்திருக்கும் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். விவேகானந்தரின் பேச்சைப் படித்து நிமிர்ந்த மனம், மிஷன் பள்ளிகளில் தன் மதத்தை நடத்திய விதத்தைக் கண்டு காயப்பட்டதாக. அதுவரை பிடித்துவந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டதாக.

இப்படி ஆட்டம் கண்ட பிள்ளைகளுக்கு அன்று இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாத்தியார் சொல்வதை ஒப்புக்கொண்டு மதம் மாறுவது. அல்லது காதைப் பொத்திக்கொண்டு மார்க் வாங்கிப் போய்விடுவது. ராதாகிருஷ்ணன் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். அவர்கள் சொல்வது சரிதானா என்று பார்க்க, தன் வீட்டுப் புத்தகங்களை முதல் முறையாகத் திறந்து படித்தார்.

தத்துவப் பாடத்தை எடுத்ததுகூடத் திட்டமில்லை. சென்னையில் பட்டப் படிப்பு சேரும்போது, உறவுக்காரப் பையன் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தாராம். புதுப் புத்தகம் வாங்கக் காசில்லாத வீட்டில் அதுவே பாடத்தை முடிவு செய்துவிட்டது. 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வுரை வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றியது. ‘உங்கள் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை’ என்று மிஷனரிகள் அடிக்கடி சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு இருபது வயதுப் பையன் எழுதிய நேர் பதில். இதில் ருசியான விஷயம், அதைப் பாராட்டிச் சான்று கொடுத்தவர் ஒரு மிஷனரிப் பேராசிரியர், ஏ.ஜி.ஹாக். தன் தரப்பை எதிர்த்து எழுதிய மாணவனை மெச்சுகிற மனசு அவருக்கு இருந்தது. எல்லா ஆசிரியருக்கும் அது வாய்ப்பதில்லை.

அந்த மிஷன் ஆசிரியர்களைப் பற்றி ராதாகிருஷ்ணன் பிற்பாடு கசப்போடு பேசவில்லை. அவர்கள் உண்மையைத் தேடியவர்கள் அல்ல, தங்கள் மதத்துக்கு வாதாடியவர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால், தத்துவம் பிறப்பதற்கு எந்தக் குழப்பம் தேவையோ அந்தக் குழப்பத்தைத் தனக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தான் என்றார்.

1926-ல் அவரை அமெரிக்கா கூப்பிட்டது. மதங்களை ஒப்பிட்டுச் சொற்பொழிவாற்ற அவர் போய் நின்ற ஊர் சிகாகோ. விவேகானந்தர் பேசிய ஊர். அதற்கும் முன்னால், ஆற்காட்டை விட்டுப் போன ஹென்றி ஸ்கடர் சர்ச்சில் நின்று பிரசங்கம் செய்த ஊரும் அதுதான். பிறகு 1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியர் பதவி, 1962-ல் ஜனாதிபதி மாளிகை என்று பாதை போனது.

வேலூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் காட்பாடியில் ரயில் பிடித்தால் அரக்கோணம் வழியாக இருட்டுகிற நேரத்துக்குத் திருத்தணி வந்துவிடலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற பையனும் இந்தத் தண்டவாளத்தில்தான் வந்திருப்பான். ஸ்டேஷன் வருவதற்கு முன்பே மலைமேல் கோயில் விளக்குகள் தெரிய ஆரம்பித்துவிடும். ரயிலில் இருக்கிற பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள். மீதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்கிறார்கள்.